கிரிம்ஸ்பி டவுனில் இறங்கிவிடாதீர்கள்

செய்த தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி டவுன் என்கிற கால்பந்து அணியின் மேட்ச் பார்க்கக் கிளம்பிய நாங்கள் இரண்டு பேரும், கிரிம்ஸ்பி டவுன் என்று பெரிதாகப் பலகை மாட்டியிருந்த ரயில் நிலையத்தில் இறங்கினோம். இதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்கலாம், நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் அந்த அணி கிரிம்ஸ்பியில் ஆடுவதே இல்லை. மைதானம் இருப்பது ஒட்டியிருக்கிற கிளீத்தோர்ப்ஸ் என்ற ஊரில், அதுவும் 1899-லிருந்து அங்கேதான். எங்கள் பசங்களுக்கு எல்லா மேட்சும் வெளியூர் மேட்ச்தான் என்று உள்ளூர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கிற விஷயம். நான் டிக்கெட் எடுத்ததே கிளீத்தோர்ப்ஸ் வரைக்கும்தான், இருந்தும் பலகையைப் பார்த்ததும் "இதுதான் அண்ணே, வாங்க வாங்க" என்று கூட வந்தவரையும் இழுத்துக்கொண்டு குதித்துவிட்டேன். கதவு மூடி ரயில் நகர்ந்த பிறகு அவர் கையிலிருந்த டிக்கெட்டை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, நம்ம ரயில் போவுதே?" என்றார்.

அவர் கும்பகோணத்துக்காரர், என்னைவிட பத்து வயது மூத்தவர், ஷெஃபீல்டில் என் வீட்டுக்கு எதிர் வீடு. சுத்த சைவம், கிரிக்கெட் பைத்தியம். கால்பந்தில் அவருக்குத் தெரிந்தது மெஸ்ஸி, ரொனால்டோ என்று இரண்டு பெயர்கள், அவ்வளவுதான். சனிக்கிழமை வீட்டில் இருந்தால் ஒட்டடை அடிக்கச் சொல்வார்கள் என்பதால் கூட வந்தார்.

எனக்கு வேறு காரணம் இருந்தது. நான் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரன். எங்கள் பக்கத்து ஊர்களில் இரண்டே இரண்டு விஷயம்தான் பெரிது, ஒன்று ஆழ்கடலுக்குப் போய் சுறா பிடிப்பது, இன்னொன்று சாயங்காலம் மணலில் பந்து உதைப்பது. 2025 ஆகஸ்ட் 27 ராத்திரி, நான்காம் அடுக்கில் ஆடிய இந்தக் கிரிம்ஸ்பி அணி லீக் கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-2 என்று இழுத்துப் பிடித்து, பெனால்டியில் 12-11 என்று வெளியே அனுப்பியதைப் பார்த்தேன். அந்த ஆட்டத்தைவிட என் கண் நின்றது கூட்டத்தின் மேல், ஆள் ஆளுக்குக் காற்றடித்த மீன் பொம்மையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சுறா பிடிக்கிற எங்கள் ஊர் ஆட்டத்துக்குக்கூட யாரும் சுறா பொம்மை கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. அந்த ஊருக்கு ஒருநாள் போயே ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அடுக்கு விவகாரம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. மேலே பிரீமியர் லீக் 20 அணிகள், அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24. பெயரில் டூ இருந்தாலும் லீக் டூ என்பது நான்காவது அடுக்கு. பிரீமியர் லீக் டிக்கெட் என்றால் பெரும்பாலும் முதலில் உறுப்பினர் கட்டணம், அப்புறம் இணைய வரிசை, அப்புறம் வெறுங்கை. லீக் டூ மேட்சுக்கு நான் புதன்கிழமை ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே போனில் டிக்கெட் எடுத்தேன், ஆளுக்கு 20 சொச்சம் பவுண்டு, எந்த இருக்கை வேண்டுமோ தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம். இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிரிம்ஸ்பியின் மைதானமான பிளண்டல் பார்க்கில் மெயின் ஸ்டாண்டின் ஒரு பகுதி 1901-ல் கட்டியது, அழகான பழசு, ஆனால் கூரையைத் தாங்கும் தூண்கள் பார்வைக்குக் குறுக்கே நிற்கும். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கிற பான்டூன் ஸ்டாண்டில்தான் உள்ளூர்ச் சத்தம் எல்லாம். முதல்முறை போகிறவர்கள் மெயின் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிற இரண்டு தட்டு ஸ்டாண்டின் மேல் தட்டில் எடுங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். விருந்தாளி அணிக்கு ஒதுக்கிய பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், அங்கே உட்கார்ந்து தப்பான கோலுக்குக் கைதட்டினால் வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அன்றைக்கு எதிரணி என்ன நிறத்தில் வருகிறது என்றும் பார்த்துவிட்டுச் சட்டை போடுங்கள்.

இன்னொன்று, குளிர்காலத்தில் காலையில் கிளம்புவதற்கு முன் கிளப்பின் அறிவிப்பைப் பாருங்கள். தரை உறைந்திருந்தாலோ தண்ணீர் நின்றாலோ ரெஃப்ரி வந்து காலால் அழுத்திப் பார்த்து மேட்சைத் தள்ளிவைத்துவிடுவார். டிக்கெட் அடுத்த தேதிக்குச் செல்லும், ரயில் காசு போனது போனதுதான். இரண்டு பேராகப் போனால் டூ டுகெதர் ரயில்கார்டு எடுத்துக்கொள்ளுங்கள், கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், கார்டில் பெயர் இருக்கிற அதே இரண்டு பேர் சேர்ந்தே பயணிக்க வேண்டும். ஷெஃபீல்டிலிருந்து கிளீத்தோர்ப்ஸுக்கு நேர் ரயில் உண்டு, டான்காஸ்டர், ஸ்கந்தோர்ப் வழியாக ஒன்றே முக்கால் மணி நேரம். லண்டனிலிருந்து வருகிறவர்கள் டான்காஸ்டரில் மாறலாம். எல்லாரும் கடைசி நிறுத்தம் வரைக்கும் உட்கார்ந்திருங்கள், நான் சொல்ல வேண்டியது அதுதான்.

சரி, நாங்கள் இறங்கிவிட்டோமே. நிறுத்தத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் கேட்டோம், அவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்கள் முதல் ஆள்கள் இல்லை என்று சொல்லி பஸ்ஸைக் காட்டினார். அந்த பஸ் கிளீத்தோர்ப்ஸ் போகிற வழியில் மைதானத்தைத் தாண்டியே போனது, அதனால் ஒரு நன்மை, இடம் தெரிந்துவிட்டது. வரிசை வீடுகளுக்கு நடுவே, யாரோ ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் கட்டி வைத்தது மாதிரி மைதானம். வாசலில் துணி காயப்போட்டிருக்கிறார்கள், நாலு வீடு தள்ளி 9,000 பேர் உட்காரும் ஸ்டேடியம்.

கடற்கரையில் இறங்கியதும் அண்ணன் கேட்டது "கடல் எங்கப்பா?" அது நியாயமான கேள்வி. ஹம்பர் ஆற்றின் முகத்துவாரம் அது, வடகடல் வந்து சேருகிற இடம், வற்றம் வந்தால் தண்ணீர் கண்ணுக்கு எட்டாத தூரம் பின்வாங்கிவிடும், சேறும் மணலும் மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். தூரத்தில் தண்ணீருக்கு நடுவே முதல் உலகப் போர்க் காலத்துக் கோட்டைகள் இரண்டு தெரிந்தன. காற்று கிழக்கிலிருந்து வந்தது. எங்கள் ஊரில் கிழக்கே இருந்து வருகிற காற்றுக்குக் கொண்டல் என்று பெயர், ஈரமாக, மெத்தென்று வரும். இந்தக் கொண்டல் ஊசி. கையுறை போட்ட கையைச் சட்டைப் பைக்குள் விட்டும் விரல் வலித்தது.

கடற்கரைப் பெஞ்சில் அண்ணன் பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். புளியோதரை. எனக்கு முதலில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது என்பது உண்மை, ஆனால் அரை மணி நேரத்தில் அவர்தான் புத்திசாலி என்று தெரிந்துவிட்டது. நான் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் வாங்கப் போன கடையில், எதில் பொரிக்கிறீர்கள் என்று சும்மா கேட்டு வைத்தேன், மாட்டுக் கொழுப்பில் என்றார்கள். இந்தப் பக்கத்திலும் யார்க்ஷையரிலும் அது பழைய வழக்கம், அதில்தான் ருசி என்று பெருமையாகவே சொல்வார்கள். எங்கள் வீட்டில் மாடு சாப்பிடுவோம், எனக்குத் தடையில்லை. ஆனால் நம் ஆள்கள் பலர் மீனை விட்டுவிட்டு உருளைக்கிழங்குதானே என்று சிப்ஸ் மட்டும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள், அதுவும் அதே சட்டியில் பொரிந்ததுதான். கேட்டு வாங்குங்கள். தாவர எண்ணெய்க் கடைகளும் உண்டு.

மீன் விஷயத்தில் ஒரு சொல். இங்கிலாந்தின் மற்ற இடங்களில் காட் மீன்தான் ராஜா, கிரிம்ஸ்பியில் ஹேடக். மெல்லிய சதை, லேசான இனிப்பு, தோலை உரித்துவிட்டுத்தான் மாவில் முக்குவார்கள். மீன் தின்று வளர்ந்த நாக்கோடு சொல்கிறேன், மிளகாய் இல்லை, புளி இல்லை, அப்படியும் நன்றாகத்தான் இருந்தது. பாதியில் ஒரு கடற்காகம் வந்து என் சிப்ஸைக் கொத்திக்கொண்டு போனது. புளியோதரையை அது தொடவில்லை.

மைதானத்துக்கு நடந்தே போனோம், கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து இருபது, இருபத்தைந்து நிமிடம். வழி கேட்கவே வேண்டாம், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைகள் ஒவ்வொரு சந்திலிருந்தும் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். தாத்தா, அப்பா, பேத்தி என்று மூன்று தலைமுறை ஒரே துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போகிறது. சனிக்கிழமை மூன்று மணி என்பது இந்த நாட்டில் ஒரு முகூர்த்தம் மாதிரி. அன்று 2.45 முதல் 5.15 வரைக்கும் எந்தக் கால்பந்து மேட்சையும் பிரிட்டன் டிவியில் நேரலை போடக்கூடாது, 1960-களிலிருந்து இருக்கிற ஏற்பாடு. பெரிய அணிகளை டிவியில் காட்டினால் இந்த மாதிரி ஊர் மைதானம் காலியாகிவிடும் என்ற பயம்தான் காரணம்.

மேல் தட்டில் உட்கார்ந்ததும் காரணம் புரிந்தது. எதிரே மெயின் ஸ்டாண்டின் பழைய கூரை, அந்தக் கூரைக்கு மேலே ஹம்பர், அதில் ஒரு சரக்குக் கப்பல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பந்து ஒரு பக்கம், கப்பல் ஒரு பக்கம். முதல் பத்து நிமிடம் நான் கப்பலைத்தான் பார்த்தேன்.

ஆட்டத்தைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், தொலைக்காட்சியில் பார்க்கிற கால்பந்து அது இல்லை. காற்றில் கோல்கீப்பர் உதைத்த பந்து ஒன்று பாதித் தூரம் போய் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது. தலையால் முட்டுவது, தோளால் இடிப்பது, த்ரோ-இன், மறுபடி த்ரோ-இன். ஆனால் எல்லாம் காதில் விழும். பந்தை உதைக்கிற சத்தம், எலும்போடு எலும்பு மோதுகிற சத்தம், பயிற்சியாளர் தன் இடது பக்கத்து ஆட்டக்காரனைப் பெயர் சொல்லித் திட்டுவது, அவன் திரும்பி நின்று பதில் சொல்வது. பெரிய மைதானங்களில் அறுபதாயிரம் பேர் இரைச்சலில் இதெல்லாம் கிடைக்காது. 30-வது நிமிடத்தில் எங்களுக்கு நேர் கீழே கோட்டோரத்தில் ஒருவன் வழுக்கி விழுந்தான், முன் வரிசையில் இருந்த ஒரு கிழவி அவனுக்குக் கேட்கும்படி, வேலைக்குப் போகும்போது சரியான செருப்பைப் போட்டுக்கொண்டு வா என்றார். அவன் சிரித்துவிட்டான்.

என் பக்கத்து இருக்கையில் எழுபது தாண்டிய ஒரு பெரியவர். எங்கிருந்து என்று கேட்டார், ஊரைச் சொன்னேன், மீன்பிடி ஊர் என்றும் சொன்னேன். அதுவரைக்கும் மரியாதைக்குப் பேசியவர் முழுதாக என் பக்கம் திரும்பிவிட்டார். எத்தனை நாள் கடலில் இருப்பார்கள் என்று கேட்டார். முப்பது நாள், நாற்பது நாள்கூடத் தங்குவார்கள் என்றேன். அவருடைய அப்பா மூன்று வாரம் ஐஸ்லாந்துப் பக்கம் போவாராம், கரையில் இருப்பது இரண்டு, மூன்று நாள், அதில் ஒரு நாள் சனிக்கிழமையாக இருந்துவிட்டால் நேராக இங்கே வந்துவிடுவாராம். 1950-களில் உலகத்திலேயே பெரிய மீன்பிடித் துறைமுகம் எங்களுடையது என்று சொல்லிக்கொண்ட ஊர் இது. அப்புறம் ஐஸ்லாந்து தன் கடல் எல்லையைத் தள்ளிக்கொண்டே வந்தது, பிரிட்டனோடு மூன்று முறை தகராறு, காட் போர் என்று பெயர், போர்க்கப்பலும் ரோந்துப் படகும் ஒன்றையொன்று இடித்துக்கொண்ட தகராறு. 1976-ல் 200 கடல் மைல் எல்லை நிலைத்தது, கிரிம்ஸ்பியின் தொலைகடல் படகுகள் சில வருடங்களில் இல்லாமல் போயின. இப்போதும் ஊரில் மீன் வேலை நிறைய இருக்கிறது, ஆனால் அது வெட்டுகிற வேலை, உறைய வைத்துப் பெட்டியில் போடுகிற வேலை, மீனில் பெரும்பங்கு ஐஸ்லாந்திலிருந்தும் நார்வேயிலிருந்தும் வருவது. எல்லைக் கோட்டை யாரோ வரைய, வலையை யாரோ சுருட்டுகிற கதை எனக்குப் புதிதில்லை, ஆனால் அதை ஒரு வெள்ளைக்காரர் வாயிலிருந்து கேட்பேன் என்று நினைத்ததில்லை.

பெரியவர் பேச்சை நிறுத்திக் கைதட்டினார், கார்னர் கிடைத்திருந்தது. அவ்வளவு நேரம் எங்கே வைத்திருந்தார்கள் என்று தெரியாத மீன் பொம்மைகள் பான்டூன் பக்கம் எழுந்தன. அதற்கு ஹாரி ஹேடக் என்று பெயர், 1989-ல் எஃப்.ஏ. கோப்பை என்கிற, தோற்றால் வெளியேறும் போட்டியில் அணி முன்னேறிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்த பழக்கம். எதிரணி ரசிகர்கள் ஒரு காலத்தில் கேலியாகப் பாடிய வரியையே இவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள், மீன் பிடிக்கும்போது மட்டும்தான் எங்களுக்குப் பாட்டு வரும் என்று அர்த்தம். பந்து வந்தது, நாலு பேர் எழும்பினார்கள், யார் தலையில் பட்டது என்று தெரியவில்லை, வலை அசைந்தது. அண்ணன் எழுந்து நின்று கத்தியதை நான் பார்த்தேன். புளியோதரை டப்பா உருண்டு மூன்று வரிசை கீழே போனது, அங்கிருந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள்.

இடைவேளையில் ஒரு விதி தெரிந்துகொள்ளுங்கள். இருக்கையில் உட்கார்ந்து, ஆடுகளம் கண்ணில் படுகிற இடத்தில் மது குடிக்கக்கூடாது, 1985-லிருந்து சட்டம். அதனால் விசில் அடித்ததும் பாதிப் பேர் படிக்கட்டுக்குக் கீழே ஓடிப்போய்ப் பதினைந்து நிமிடத்தில் பீரை ஊற்றிக்கொண்டு வருவார்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் இரண்டு நிமிடம் முன்னாடியே போய்விடுங்கள். பவ்ரில் என்று ஒரு சூடான பானம் இங்கிலாந்து மைதானங்களில் பிரபலம், கறுப்பாக ஆவி பறக்க இருக்கும், காபி என்று நினைத்துவிடாதீர்கள், மாட்டிறைச்சிச் சாறு. நான் குடித்தேன், உப்பு ரசம் மாதிரி இருந்தது, அந்தக் குளிருக்கு அது மருந்து. அண்ணனுக்கு டீ. மற்றபடி குளிருக்கு நான் கற்ற ஒரே வித்தை பெரியவர் சொன்னது, பாதங்களுக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டைப் போட்டுக்கொள்வது. சிமெண்டுத் தரைதான் காலை உறைய வைக்கிறது, காற்று இல்லை. அவர் பையில் மடித்து வைத்திருந்த அட்டையில் பாதியைக் கிழித்து எனக்குத் தந்தார். இரண்டு ஜோடி சாக்ஸைவிட அது வேலை செய்தது.

இரண்டாம் பாதியில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டி, விளக்கில் மழைத்தூறல் தெரிந்தது. பெரியவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் இதுவரை கூடிய கூட்டத்திலேயே பெரியது எந்த மேட்சுக்கு என்று கேட்டார். யுனைடெட், லிவர்பூல் என்று ஏதோ சொன்னேன். இல்லையாம். 1939 மார்ச்சில் நடந்த எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, வுல்வ்ஸுக்கும் கிரிம்ஸ்பிக்கும், 76,962 பேர். யுனைடெட்டின் சொந்த மைதானத்தில் யுனைடெட் ஆடாத மேட்ச். யார் ஜெயித்தார்கள் என்றேன். ஆடுகளத்தைப் பார்த்துக்கொண்டே, ஐந்து பூஜ்யம், அவர்கள் என்றார். அப்புறம் 2010-ல் கிரிம்ஸ்பி இந்த நான்கு அடுக்கு லீகை விட்டே வெளியே விழுந்தது, 2016-ல் திரும்பியது, 2021-ல் மறுபடி விழுந்தது, அடுத்த வருடமே ஏறி வந்தது, இதையெல்லாம் வீட்டில் நடந்த கல்யாணம் சாவு மாதிரி வரிசையாகச் சொன்னார். 2023-ல் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதிவரை போனதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

88-வது நிமிடத்தில் விருந்தாளி அணி ஒரு கோலைத் திருப்பி அடித்தது. அதற்கு முன் ஒரு தள்ளுதலுக்கு ரெஃப்ரி விசில் அடித்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஸ்டாண்டின் ஒருமித்த கருத்து. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்ட அண்ணன், ரெஃப்ரியின் குடும்பத்தைப் பற்றித் தஞ்சாவூர் ஜில்லாத் தமிழில் விசாரித்தார். அண்ணன் என்ன சொல்கிறார் என்று பெரியவர் என்னைக் கேட்டார். ஆஃப்சைடு என்கிறார் என்று சொல்லி வைத்தேன்.

1-1. யாருக்கும் சந்தோஷமில்லை, யாரும் அழவும் இல்லை. பெரியவர் எழுந்து அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் இருக்காது, அதற்கடுத்த வாரம் என்றார். நாங்கள் வருவோமா என்று அவர் கேட்கவில்லை.

திரும்பும்போது ஒரு எச்சரிக்கை, மேட்ச் ஐந்து மணியை ஒட்டி முடியும், உடனே கிளம்புகிற ரயிலைக் குறிவைத்து ஓடாதீர்கள், குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட்டும் எடுக்காதீர்கள். நாங்கள் அடுத்த ரயிலில் கிளீத்தோர்ப்ஸிலேயே ஏறினதால் உட்கார இடம் கிடைத்தது, கிரிம்ஸ்பியில் ஏறினவர்கள் டான்காஸ்டர்வரைக்கும் நின்றார்கள். எங்கள் பெட்டியில் ஒரு மீன் பொம்மை தனி இருக்கையில் உட்கார்ந்து வந்தது.

ஸ்கந்தோர்ப் தாண்டியதும் ஊருக்குப் போன் போட்டேன், அங்கே நள்ளிரவு, அப்பா தூங்கமாட்டார் என்று தெரியும். கதையைச் சொன்னேன்.

"அங்க இப்பம் பாடு உண்டா மக்களே?"

"போட்டே ரொம்ப இல்லப்பா. மீன் ஐஸ்லாந்துல இருந்து பெட்டியில வருது."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"பின்ன யாரு கோல் போட்டது?"

எனக்குத் தெரியவில்லை. அண்ணனைக் கேட்டேன், அவர் மடியில் டப்பாவோடு தூங்கிக்கொண்டிருந்தார்.